டிராக்கில் கார்பன் செராமிக் பிரேக்: பேடை மாற்றுவதா, டிஸ்க்கையே மாற்றுவதா?

சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, அதாவது டிஸ்க், கார்பன் செராமிக்கில் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை டிராக்குக்கு (பந்தயப் பாதைக்கு) எடுத்துப்போகிறவர்கள், அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேடை மாற்றும் நேரம் வந்ததும் பேடின் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது டிஸ்க்கின் விலையை. இரும்பு டிஸ்க்கில் இரண்டுமே தேய்மானப் பொருள். தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டலாம். செராமிக் டிஸ்க் அதைவிடப் பல மடங்கு விலை. அதன் ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன்மேல் உராயும் பேட்தான். பேடில் மிச்சம் பிடிக்கப் போய் டிஸ்க்கில் இழந்தவர்கள் ஏராளம்.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. தொழிற்சாலை பேடையே திரும்பப் போடுவது. செராமிக் டிஸ்க்குக்கென்றே செய்த டிராக் பேடுக்கு மாறுவது. செராமிக்கைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு டிஸ்க்கும் பந்தய பேடும் போடுவது. நீள இழை செராமிக் டிஸ்க்குக்குப் போவது. ஐந்தாவதாக ஒரு வழியைச் சிலர் முயல்கிறார்கள்: செராமிக் டிஸ்க்கின்மேல் இரும்புக்கான பந்தய பேடைப் போடுவது. அது வழியே இல்லை. இரும்புக்கான பேட் கலவையில் உலோகத் துகளும் கடினமான சுரண்டுபொருளும் அதிகம். அது செராமிக் முகத்தை உழுதுவிடும். பேடின் வடிவம் ஒன்றாக இருப்பதால், பேடைத் தாங்கி டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரில் அழகாக உட்காரும், ஏமாறுவதும் அதனால்தான். பெட்டியில் எந்த டிஸ்க்குக்கு என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் பேடைக் கையில் எடுக்காதீர்கள்.

செராமிக் டிஸ்க் எப்படிச் சாகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான். வழக்கமான செராமிக் டிஸ்க் நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அழுத்தி, காற்றில்லாத உலையில் கரியாக்கி, அதன் நுண்துளைகளுக்குள் உருகிய சிலிக்கானை ஊற வைத்துச் செய்யப்படுகிறது. சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைத்துப் பேசும் அளவுக்குக் கடினமான பொருள் அது. அதனால் சாலையில் ஓடும்போது டிஸ்க் தேய்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். 2001-இல் போர்ஷே 911 ஜிடி2-இல் இது வந்த நாளிலிருந்து "காரின் ஆயுள் முழுக்க வரும்" என்ற பேச்சு உலவக் காரணம் இதுதான். சாலைக்கு அது பொய்யில்லை.

டிராக்கில் கதை வேறு. சிலிக்கான் கார்பைடு வெப்பத்தைத் தாங்கும்; உள்ளே இருக்கும் கார்பன் இழை தாங்காது. காற்றில் ஏறக்குறைய 400, 500 டிகிரியைத் தாண்டினால் கார்பன் மெல்ல எரியத் தொடங்குகிறது. புகையும் இல்லை, தீயும் இல்லை. கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். டிஸ்க்கின் தடிமன் அப்படியே இருக்கும், எடை குறையும். அதனால்தான் பல செராமிக் டிஸ்க்குகளின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமனோடு குறைந்தபட்ச எடையும் கிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அந்த எண் தனி. தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்து அளந்து "இன்னும் புதிது மாதிரி இருக்கிறது" என்று சொல்வது இரும்புக்கு சரி, இதற்கு சரியில்லை.

எடை பார்க்க டிஸ்க்கைக் கழற்றி, பேட் தூளை ஊதிவிட்டு, நன்றாக உலர வைத்து நிறுக்க வேண்டும். கழுவிய கையோடு நிறுத்தால் நுண்துளைக்குள் இருக்கும் தண்ணீரும் கணக்கில் ஏறிவிடும். புதியதுக்கும் தூக்கிப்போட வேண்டியதுக்கும் உள்ள வித்தியாசம் கிராம் கணக்கில் என்பதால், ஆள் எடை பார்க்கும் கருவி எதற்கும் உதவாது. ஒன்றிரண்டு கிராம் துல்லியம் உள்ள தராசு வேண்டும். கழற்றாமலே கார்பன் அளவைக் காட்டும் கார்போடெக் என்ற கருவியும் உண்டு. அது சர்வீஸ் நிலையங்களில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. முகத்தில் வலைப்பின்னல்போல் தெரியும் மெல்லிய கோடுகள் பிறவியிலேயே வருபவை, பயப்பட வேண்டாம். நல்ல டிஸ்க்கில் விரலை ஓட்டினால் மெருகேறிய கல்லைத் தொடுவதுபோல் வழுக்கும். கார்பன் எரிந்த டிஸ்க்கில் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். இழைகள் இருந்த இடமெல்லாம் குழிகளாகத் தெரியும். துளைகளின் விளிம்பு பிசிறடித்திருக்கும். இந்த நிலையில் எந்தப் புது பேடைப் போட்டாலும் அரம் தேய்ப்பதுபோல் டிஸ்க் அதைத் தின்றுவிடும். "புது பேட் ஒரே நாளில் பாதியாகிவிட்டது" என்று பேடைக் குறை சொல்பவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை டிஸ்க்கில் இருக்கிறது. இரும்பைப்போல் லேத்தில் போட்டு முகத்தைச் சரிசெய்யவும் வழியில்லை.

வெப்பக் கணக்கு

1,500 கிலோ எடையுள்ள கார் 250 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 3.1 மெகா ஜூல். காற்றுத்தடையும் டயரும் எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு முன்பக்கம் போகிறது என்று கொண்டால், ஒரு முன் டிஸ்க்குக்கு ஒரு மெகா ஜூலுக்குச் சற்று மேல். 9 கிலோ இரும்பு வளையம் (டிஸ்க்கின் உராயும் பகுதி) அந்த ஒரே மிதியில் சுமார் 230 டிகிரி ஏறும். 5 கிலோ செராமிக் வளையம், ஒரு கிலோவுக்கு இரும்பைவிட அதிக வெப்பம் ஏற்குமென்றாலும், எடை குறைவு என்பதால் ஏறக்குறைய 260 டிகிரி ஏறும். வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் அந்த 5 கிலோ வளையம் இரும்பைவிடப் பெரிய விட்டத்தில் இருப்பதால்தான் இவ்வளவாவது நெருங்குகிறது. போர்ஷே 991 ஜிடி3-இல் இரும்பு டிஸ்க் முன்னும் பின்னும் 380 மி.மீ.; செராமிக் போட்டால் முன்னே 410, பின்னே 390. பளபளப்புக்காகப் பெரிதாக்கியதில்லை அது.

ஒரு சுற்றில் இதுபோல் ஐந்தாறு மிதிகள், நடுவில் ஆறுவதற்குக் கிடைப்பது சில நொடிகள். மூன்றாவது சுற்றுக்குள் டிஸ்க் 600 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இரும்புக்கு அது அன்றாட வேலை. செராமிக்குக்கு அந்த ஒவ்வொரு நிமிடமும் கிராம் கிராமாகச் செலவு. ஃபார்முலா 1 கார்களில் இருப்பதும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே இருப்பது கார்பன்மேல் கார்பன். சூடேறினால்தான் பிடிக்கும், தேய்ந்து தீர்வதற்கென்றே செய்தது. உங்கள் காரில் இருப்பது வேறு பொருள்.

தொழிற்சாலை பேடிலேயே இருப்பது

ஆண்டுக்கு இரண்டு மூன்று டிராக் நாள், மற்ற நாளெல்லாம் சாலை என்றால் இதைவிட்டு நகரத் தேவையில்லை. குளிரில் முதல் மிதியிலேயே பிடிக்கும், சத்தம் போடாது. சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் எந்த உராய்வுக்காக அளவமைக்கப்பட்டதோ அதே உராய்வு. தயாரிப்பாளரின் உத்தரவாதத்திலும் சிக்கல் வராது.

குறை, வெப்பம் கூடினால் மங்குவது. இருபது நிமிட ஓட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் பிரேக் மிதி (பெடல்) கல்லாக இருக்கும், கார் மட்டும் நிற்க மறுக்கும். அப்போது அழுத்தி மிதித்துக்கொண்டே போவதுதான் டிஸ்க்குக்குச் செய்யும் பெரிய கேடு. பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. நீங்கள் கூடுதல் தூரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். டிஸ்க் ஆறவே நேரமில்லை. ஐந்து சுற்று ஓடி ஒரு சுற்று ஆறவிடும் ஒழுங்கு உள்ளவருக்கு இந்த பேட் போதும். அந்த ஒழுங்கு இல்லாதவர் அடுத்த வழிக்குப் போவது டிஸ்க்குக்கு மலிவு.

செராமிக் டிஸ்க்குக்கான எந்த பேடாக இருந்தாலும் டிராக்கில் பாதி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். சாலையில் சொல்லும் "2 மி.மீ. வரை போகலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. பேட் கலவைதான் டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்பு. அது பாதியானால் பிஸ்டனுக்கும் அதன் பின்னால் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகும் சூடு வெகுவாகக் கூடும். ரப்பர் உறை கருகுவதும் ஆயில் கொதிப்பதும் பெரும்பாலும் மெலிந்த பேடோடு "இன்னும் ஒரே ஒரு ஓட்டம்" என்று போனவர்களுக்குத்தான்.

செராமிக்குக்கென்று செய்த டிராக் பேட்

பாகிட் ஆர்எஸ்சி1 இந்த வகையில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது. இந்த வகை பேட் தொழிற்சாலை பேடைவிட உயர்ந்த வெப்பம்வரை உராய்வை விடாமல் வைத்திருக்கும், டிஸ்க் முகத்தையும் சுரண்டாது. மிதியின் அழுத்தத்துக்கு ஏற்றபடி பிடி கூடுவதால், கடைசி நொடியில் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே வளைவுக்குள் நுழைகிறவர்கள் வித்தியாசத்தை உடனே உணர்வார்கள்.

கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. காலைக் குளிரில் முதல் ஒன்றிரண்டு மிதி மந்தமாக இருக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகையில் கீச்சிடும். தொழிற்சாலை பேடின் முதுகில் இருக்கும் அதிர்வு தாங்கிகள் இதில் பெரும்பாலும் இருக்காது. டிஸ்க் ஏற்கெனவே சொரசொரப்பாகிவிட்டது என்றால் இதில் பணத்தைப் போடாதீர்கள். முதலில் எடையைப் பாருங்கள், பிறகு பேடை வாங்குங்கள்.

முன்பக்கம் மட்டும் இதைப் போட்டுவிட்டுப் பின்னால் பழைய பேடையே விடுவது இன்னொரு பொதுவான பிழை. முன்பிடி கூடினால் முன் டயர்கள் சீக்கிரம் பூட்டும் எல்லைக்கு வரும். ஏபிஎஸ் அடிக்கடி குறுக்கிடும், பின் பிரேக் சும்மா இருக்கும், முன் டிஸ்க் மேலும் சூடாகும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே கலவையைப் போடுங்கள்.

ஆண்டுக்கு நான்கு முதல் ஏழெட்டு டிராக் நாள், செராமிக்கின் எடைக்குறைவு வேண்டும், காரை ஓட்டியே டிராக்குக்குப் போய் ஓட்டியே திரும்புகிறேன் என்பவருக்கு இதுதான் சரியான இடம்.

இரும்புக்கு மாறுவது

கேட்டதும் பலருக்கு முகம் சுளிக்கும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய செராமிக்கைக் கழற்றிப் பெட்டியில் வைப்பதா? டிராக் நாள் கணக்கு பத்தைத் தாண்டினால் பணக்கணக்கு அதைத்தான் சொல்கிறது.

ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்களை உங்கள் காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செராமிக் டிராக் பேட் ஒரு செட்டின் விலையை 1 என்று வையுங்கள். செராமிக் டிஸ்க் நான்கும் 12. ஒரு டிராக் நாளில், இழக்க அனுமதிக்கப்பட்ட எடையில் 20-இல் ஒரு பங்கு போகிறது என்றால் டிஸ்க் செலவு நாளுக்கு 0.6. பேட் மூன்று நாள் வந்தால் நாளுக்கு 0.33. மொத்தம் 0.93. இரும்பில் வளையங்கள் 1.5, எட்டு நாள் வரும்; பேட் 0.8, நான்கு நாள் வரும். நாளுக்கு 0.39. மிச்சம் 0.54. மாற்றுவதற்கான ஒருமுறைச் செலவு 4 என்றால் ஏழெட்டு டிராக் நாளில் அது திரும்பி வந்துவிடுகிறது. இதில் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்றுதான்: ஒரு நாளில் உங்கள் டிஸ்க் எத்தனை கிராம் இழக்கிறது என்பது. ஓர் ஓட்ட நாளுக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் அது கையில் கிடைத்துவிடும்.

மாற்றுவதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, அதே காரின் இரும்பு பிரேக் அமைப்பை முழுதாகப் போடுவது. விட்டமும் தடிமனும் வேறாக இருப்பதால் இதற்கு டிஸ்க்கோடு காலிப்பரையும் மாற்ற வேண்டிவரும். மற்றொன்று, செராமிக்கின் அதே விட்டத்திலும் தடிமனிலும் இரும்பு வளையம் செய்து அலுமினிய மையத்தில் பொருத்திய இரண்டு துண்டு டிஸ்க்கை வாங்குவது. காலிப்பர் அப்படியே இருக்கும், பேட் வடிவமும் அதே. பின்னாளில் செராமிக்குக்குத் திரும்புவது அரை நாள் வேலை. வளையம் தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். நம் பரிந்துரை இரண்டாவதற்கே. ஆனால் அதே 410 மி.மீ. அளவில் இரும்பு என்றால் எடை கணிசம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எடைதான் இந்த வழியின் உண்மையான இழப்பு. நான்கு சக்கரமும் சேர்த்து 15 முதல் 20 கிலோ கூடலாம். அது ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் இடத்தில் கூடுகிறது. மேடுபள்ளமான வளைவில் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது குறையும். ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். டேம்பரை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகத்தை) மாற்றியமைக்கக்கூடிய கார் என்றால் ஒன்றிரண்டு கிளிக் கூட்டிப் பாருங்கள்.

வாங்கும் முன் பின் டிஸ்க்கைப் பாருங்கள். பல கார்களில் ஹேண்ட்பிரேக் ஷூ பின் டிஸ்க்கின் மையக் குழிக்குள் இருக்கிறது. மாற்று டிஸ்க்கில் அந்த உள் டிரம் அதே விட்டத்தில் இல்லையென்றால் கார் சரிவில் நிற்காது. மிதிக்கும் காலிப்பருக்கும் நேரடித் தொடர்பில்லாத மின்னணு பிரேக் கொண்ட புதிய கார்களில், டிஸ்க்கை மாற்றும் முன் அந்தக் குறிப்பிட்ட மாடலில் யாராவது செய்து ஓட்டியிருக்கிறார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பலன்கள் வெளிப்படையானவை. பேட் தேர்வு விரிந்துவிடுகிறது: பாகிட் ஆர்எஸ்29, ஃபெரோடோ டிஎஸ்1.11 போல ஒரே பிடியை நீண்ட நேரம் தாங்கும் பந்தய பேடுகள் உண்டு. தேய்மானத்தை வெர்னியரில் பார்க்கலாம். விரிசலைக் கண்ணால் பார்க்கலாம்: துளைகளைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் வருவது இயல்பு, நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமானாலோ, ஒரு கோடு வெளி விளிம்பைத் தொட்டாலோ அந்த டிஸ்க் அன்றோடு சரி. துளையிட்ட டிஸ்க்கைவிடக் கோடு வெட்டிய டிஸ்க்கில் விரிசல் தாமதமாக வரும், டிராக்குக்கு அதையே கேளுங்கள். டிஸ்க்கின் விளிம்பில் வெப்பப் பெயிண்ட் மூன்று கோடு போட்டுவிட்டால் போதும், எத்தனை டிகிரி போனது என்று தெரிந்துவிடும்: பச்சை 430-இல் நிறம் மாறும், ஆரஞ்சு 560-இல், சிவப்பு 610-இல். மூன்றும் மாறிவிட்டது என்றால் பிரேக்குக்குக் குளிர்காற்றைக் கொண்டுவரும் குழாயைப் பற்றி யோசிக்கலாம்.

இரும்பு பேடின் தூள் வீலில் சூடாக ஒட்டி, மழை பட்டதும் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பதியும். அன்று மாலையே கழுவிவிடுங்கள்.

நீள இழை டிஸ்க்

இங்கிலாந்தின் சர்ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் போன்றவர்கள் நறுக்கிய இழைக்குப் பதிலாகத் தொடர்ச்சியான கார்பன் இழையை அடுக்கி டிஸ்க் செய்கிறார்கள். உராயும் முகத்திலிருந்து உள்ளே வெப்பம் சீக்கிரம் கடத்தப்படுவதால் முகத்தின் வெப்பநிலை தாழ்ந்திருக்கும், எரிதலும் குறையும். முகம் தேய்ந்தால் தயாரிப்பாளரிடம் அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ளவும் முடியும். விலை, தொழிற்சாலை செராமிக்குக்குச் சளைத்ததில்லை. இருக்கும் செராமிக் டிஸ்க் எடை எல்லையைத் தொட்டுவிட்டது, எப்படியும் புது டிஸ்க் வாங்கியாக வேண்டும், எடையும் ஏறக் கூடாது என்ற நிலையில் இது அருமையான தேர்வு. நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதற்கு மாறுவதில் அர்த்தமில்லை. இதற்குரிய பேட் கலவையை டிஸ்க் செய்பவரே சொல்வார். அந்தப் பட்டியலைத் தாண்டாதீர்கள்.

பேடை மாற்றும்போது

வேலை பெரிதில்லை. கெடுவதெல்லாம் அவசரத்தில்தான். முதலில் டிஸ்க் கை வைக்கும் அளவுக்கு ஆற வேண்டும். வீலைக் கழற்றும்போது ஒரு போல்ட் துளையில் நீளமான வழிகாட்டிக் கம்பியைத் திருகிக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. வீல் அதன்மேல் நேராக வழுக்கி வெளியே வர வேண்டும். செராமிக் டிஸ்க் சூட்டைத் தாங்கும், தட்டுதலைத் தாங்காது. வீலின் உட்புறம் டிஸ்க் விளிம்பில் ஒருமுறை இடித்தாலே சில்லு தெறிக்கும். டிராக்கில் ஒரு நாளும் கெடாத டிஸ்க் டயர் கடையில் கெட்டுப்போவது இப்படித்தான். டயர் மாற்றக் கொடுக்கும்போது வீலைக் கழற்றி எடுத்துப்போய்க் கொடுத்தால் நிம்மதி.

காலிப்பரின் பின்னை வெளியே தட்டி, ஸ்பிரிங் தகட்டை எடுத்ததும் பல மாடல்களில் பேட் மேல்வழியாக வந்துவிடும். நடுவில் பாலம் உள்ள காலிப்பரில் அதைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் காலிப்பரையே இறக்க வேண்டும். இறக்கினால் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். பழைய பேட் நான்கு மூலையிலும் எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதிவையுங்கள். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் ஒன்று சரியாக நகரவில்லை, அல்லது பேட் உட்காரும் இடத்தில் தூள் இறுகியிருக்கிறது. இதைப் பார்க்காமல் புது பேடைப் போட்டால் அதுவும் கோணலாகவே தேயும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் ஆயில் தொட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பொங்கி வழிந்து பெயிண்ட்டைத் தின்றுவிடும். ஆறு பிஸ்டன் காலிப்பரில் ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று வெளியே வரும். அதனால் ஒரு பக்க பேடை உள்ளே விட்டுவிட்டு மறுபக்கத்தை மட்டும் வேலை பாருங்கள். தள்ளுவதற்கு மரக்கட்டையோ பேட் விரிக்கும் கருவியோ போதும். டிஸ்க்கின்மேல் ஸ்குரூடிரைவரை ஊன்றி நெம்பவே கூடாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை பழுப்பாகி வெடித்திருந்தால் அந்த காலிப்பர் 200 டிகிரிக்கு மேல் வெந்திருக்க வாய்ப்பு அதிகம். உள் சீலையும் பாருங்கள்.

பேட் உட்காரும் இடத்தைத் துணியாலும் நைலான் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்யுங்கள். புது பேட் விரலால் தள்ளினால் நகர வேண்டும். பேடின் முதுகில் டைட்டானியம் தகடு வைப்பவர்கள், புது பேடின் முழுத் தடிமனோடு அதற்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் பொருத்திப் பாருங்கள். இறுக்கிப் புகுத்தினால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். செராமிக் டிஸ்க்கில் புது பேடுக்காக உப்புத்தாள் தேய்க்க வேண்டாம். தேய்மான சென்சாரின் வயரை டிஸ்க்கில் படாமல் கட்டுங்கள்; டிராக் பேடில் சென்சார் குழி இல்லையென்றால் அதன் முனையை மூடி, சூடு படாத இடத்தில் ஒதுக்குங்கள். காலிப்பர் போல்ட்டைப் பல தயாரிப்பாளர்கள் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தச் சொல்வதில்லை. அடிக்கடி கழற்றுகிறவர் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட்டும் நட்டும் போட்டுக்கொண்டால் அலுமினிய மரை தப்பும். வீலை டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள்; 991 ஜிடி3-இன் நடு நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர், சாதாரண ரெஞ்ச் அதற்கு எட்டாது.

காரை நகர்த்தும் முன் மிதி கெட்டியாகும்வரை பத்துப் பதினைந்து தடவை மிதியுங்கள். இதை மறந்து ஷெட்டை விட்டுப் பின்னால் எடுத்தவர்கள் சுவரில்தான் நின்றிருக்கிறார்கள்.

ஆயிலும் பழக்கலும்

பேடுக்கு யோசித்ததில் பாதியாவது பிரேக் ஆயிலுக்கு யோசிக்க வேண்டும். சாதாரண டாட் 4 வகை ஆயிலின் தரம் கேட்பது புதிதில் 230 டிகிரி, காற்றிலிருந்து ஈரம் ஏறியபின் 155 டிகிரி கொதிநிலை மட்டுமே. டிராக்கில் இது பத்தாது. மோட்டுல் ஆர்பிஎஃப் 660 புதிதில் 325, ஈரம் ஏறியபின் 204. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் புதிதில் 320, ஈரம் ஏறியபின் 270. அடிக்கடி மாற்றுகிறவருக்கு முதலாவது போதும். ஒருமுறை போட்டுவிட்டுப் பல மாதம் ஓட்டுகிறவர் இரண்டாவதற்குப் போக வேண்டும், ஏனென்றால் அவருக்கு முக்கியமானது ஈர எண்தான். முழுதாக மாற்ற ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நிலையான காலிப்பரில் உள்ளும் புறமுமாகக் காற்று வெளியேற்றும் நிப்பிள் இரண்டு இருக்கும்; ஒன்றை மட்டும் திறந்து காற்று எடுத்தால் பாதிக் காற்று உள்ளேயே இருக்கும்.

டிராக்கில் பிரேக் கைவிட்டால் எது கைவிட்டது என்று பாதம் சொல்லிவிடும். மிதி கல்லாக இருந்து கார் நிற்கவில்லை என்றால் பேட். மிதி பஞ்சாகித் தரைவரை போனால் ஆயில் கொதித்துவிட்டது. முதலாவதற்கு நல்ல பேட்; இரண்டாவதற்கு நல்ல ஆயிலும் தடிமனான பேடும். மாற்றிச் செலவழித்தால் இரண்டும் தீராது.

புது பேடைப் பழக்காமல் (படிப்படியாகச் சூடேற்றித் தயார்செய்யாமல்) டிராக்கில் இறங்கினால், கலவையிலுள்ள பிசின் முதல் கடும் சூட்டில் வாயுவாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தைபோல் நின்று பிடியைக் கெடுக்கும். பேட் தயாரிப்பாளர் கொடுத்த முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் மூடிய டிராக்கில், 120-இலிருந்து 60-க்கு மிதமாகப் பத்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிட இடைவெளி. பிறகு 160, 180 வேகத்திலிருந்து 80-க்கு அழுத்தமாக ஆறேழு தடவை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு. எந்தத் தடவையும் முழுதாக நிறுத்தக் கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். இரும்பு டிஸ்க்கில் சீரான நீலச்சாம்பல் படலம் தெரியும். செராமிக்கில் அப்படி எதையும் எதிர்பார்க்காதீர்கள். பேடைத்தான் பார்க்க வேண்டும். முகம் முழுதும் மங்கலாக, ஒரே சீராக இருந்தால் பழகிவிட்டது. ஓரிடத்தில் கண்ணாடிபோல் மின்னினால் இன்னும் ஒரு சுற்று வேலை பாக்கி.

ஓட்டம் முடிந்து உள்ளே வரும் சுற்றை முழுதாக ஆறும் சுற்றாக வையுங்கள். நின்றபிறகுதான் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்கும் ஆயிலுக்கும் இறங்கும். ஆயில் கொதிப்பது பல சமயம் ஓடும்போது இல்லை, நின்ற ஐந்து நிமிடம் கழித்து. ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை காரை அரைச் சக்கரம் நகர்த்தினால் பேடின் அச்சு ஒரே இடத்தில் பதியாது.

இரும்புக்கு மாறுகிறவர்கள் கழற்றிய செராமிக் டிஸ்க்குகளை இடம், வலம், முன், பின் என்று குறித்து, ஒவ்வொன்றின் எடையையும் தேதியோடு எழுதி ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்று உராயாமல் நடுவில் தடித்த அட்டை வைத்து உலர்ந்த இடத்தில் படுக்க வைக்க வேண்டும். அவற்றோடு ஓடிய பேடுகளையும் அதே பெட்டியில் அதே இடக் குறிப்போடு போட்டுவையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்கப்போவது அந்த எடைச் சீட்டைத்தான்.